வெயிலுக்கு விலை போடாத சந்தை

கோபிசெட்டிபாளையத்துக்குச் சினிமாக்காரர்கள் வருவது புதிய சங்கதியல்ல. 'சின்னக் கோடம்பாக்கம்' என்று பட்டம் வாங்கும் அளவுக்குக் கொடிவேரி அணையும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் கரையோரத் தென்னைகளும், அவற்றின் நிழல் சாயும் நெல் வயல்களும் எத்தனையோ படங்களில் இடம் பெற்றுவிட்டன. அப்படி வந்த குழு ஒன்றில் ஒளிப்பதிவு உதவியாளராயிருந்த இளைஞர் ஒருவர், காலை ஏழு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையில் இந்த ஊரில் விழும் வெளிச்சத்துக்காகவே நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு நாள் கணக்கில் காத்திருக்கலாம் என்று, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சிலாகித்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் உதித்தது. வெளிச்சத்துக்கு விலை கொடுக்கத் தெரிந்தவர்கள் சினிமாக்காரர்கள் மட்டுந்தானோ? அதே வெளிச்சத்தைத் தின்று, அதனாலேயே நிறமும் ருசியும் சத்தும் பெற்று வரும் கத்தரிக்காயையும் கீரையையும் நாம் மொடச்சூர்ச் சந்தையில் வாங்கும்போது, எடையைப் பார்க்கிறோம், பருமனைப் பார்க்கிறோம், தோலின் பளபளப்பைப் பார்க்கிறோம். அது எந்த வெயிலில், எந்த மாதத்தில், எந்த நிழலில் விளைந்தது என்று கேட்டவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை.

கத்தரிக்காயையே எடுத்துக்கொள்வோம். ஊதா நிறக் காய் ஒன்றின் காம்பைச் சுற்றி முள்ளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைத் தொப்பியை நகத்தால் மெல்ல நெம்பித் தூக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் தோல் பெரும்பாலும் வெளுத்துப் போய், பால் நிறமாகவோ இளம் பச்சையாகவோ இருக்கும். காய் முழுவதும் ஊதா, அந்த வளையம் மாத்திரம் வெள்ளை. அந்தோசயனின் என்று ரசாயன சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் சாயம், கத்தரியின் பெரும்பாலான ஊதா வகைகளில், தோலின்மேல் நேராக ஒளி பட்டால்தான் உண்டாகிறது. தொப்பி மறைத்த இடத்தில் ஒளி படவில்லை, ஆகவே சாயமும் ஏறவில்லை. காய் மளமளவென்று பெருக்கும் நாட்களில், நேற்றிரவு தொப்பிக்குள்ளிருந்து வெளியே வந்த தோல் இன்னும் வெயிலைக் காணாத காரணத்தால், தொப்பியின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெண்கோடு தெரியும். கோடு அகலமாயிருந்தால் காய் வளர்ந்துகொண்டிருந்தபோதே பறிக்கப்பட்டது. கோடே இல்லையென்றால் வளர்ச்சி நின்று, உள்ளே விதை முற்றத் தொடங்கிவிட்டது. என் அமுச்சி சந்தையில் ஒவ்வொரு காயாகத் தொப்பியைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்குவாள். புழுவுக்காகத்தான் பார்க்கிறாள் என்று வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். "இது வளர்ற காய் கண்ணு, அது நின்னு போன காய்" என்று அவள் சொன்னதன் அர்த்தம், அவள் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு தாவர நூலைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

நிறம் என்பது கண்ணுக்குத் தெரியும் பாகம். தெரியாத பாகம் அதைவிடப் பெரிது. இலை தன்மேல் விழும் ஒளியின் பலத்தைக் கொண்டுதான் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் கொணரும் நீரையும் சர்க்கரையாக மாற்றுகிறது என்பதும், காயின் இனிப்பும் கிழங்கின் மாவும் அந்தச் சர்க்கரையிலிருந்து பிறந்தவை என்பதும் பள்ளிக்கூடப் பாடம். ஆனால் வைட்டமின் 'சி'யும் வெளிச்சத்தின் பிள்ளைதான் என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஹாம்னர் என்பவரும் அவருடைய சகாக்களும் தக்காளிச் செடிகளை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி வைத்துச் செய்த பரிசோதனைகளை 1945-இல் வெளியிட்டார்கள்; பழத்திலுள்ள வைட்டமின் 'சி'யின் அளவை, மற்றக் காரணங்களைக் காட்டிலும், பறிப்பதற்கு முந்திய நாட்களில் செடி பெற்ற வெளிச்சமே பிரதானமாக நிர்ணயிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் அளவுள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவிந்துவிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் பூமிக்கு வருகிறது. ஒரே பாத்தியில், ஒரே விதையில், ஒரே கிணற்றுத் தண்ணீரில் விளைந்த இரண்டு தக்காளிகள், பங்குனியில் ஒன்றும் கார்த்திகையில் ஒன்றுமாகப் பறிக்கப்பட்டால், அவை இரண்டும் ஒரே காய் என்று தராசு வேண்டுமானால் சொல்லலாம்.

வெளிச்சத்தின் பலம் ஒரு புறமிருக்க, அதன் நீளமும் ஒரு கணக்கு. கோபி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியில் இருக்கிறது; இங்கே ஆனி மாதத்து மிக நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான். கடிகாரம் கட்டிய மனிதன் இதைக் கவனிப்பதில்லை. பந்தல் அவரை கவனிக்கிறது. ஆடியில் விதை ஊன்றினால் கொடி ஓடும், இலை தழைக்கும், பந்தலை மூடும். பூ மட்டும் வைக்காது. பகல் சுருங்கிய பிறகே, பனி இறங்கத் தொடங்கும் காலத்தில், கொத்துக் கொத்தாகப் பூத்து மார்கழியிலும் தையிலும் காய்த்துக் கொட்டும். தைப் பொங்கலன்று மொச்சையும் அவரையும் நம் வீட்டுக் குழம்பில் இருப்பது சாஸ்திரத்தால் மட்டும் வந்ததல்ல, சூரியன் வகுத்த அட்டவணையாலும் வந்தது. செடிகள் பகலின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்னும் உண்மையை, அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும், கோடையில் பூக்க மறுத்த ஒருவகைப் புகையிலைச் செடிகளை மாலையில் முன்கூட்டியே இருட்டறையில் அடைத்துப் பூக்கச் செய்து, 1920-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் பாட்டன்மாருக்குக் காரணம் தெரிந்திருக்கவில்லை, காரியம் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எம்மாதத்திலும் காய்க்கும் செடி அவரை வகைகளை உண்டாக்கினார்கள். அது பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வைகாசியில் வாங்கிய அவரைக்காய்க்கும், தை மாதத்துப் பனியில் நனைந்த பந்தல் அவரைக்கும் ருசியில் வித்தியாசம் இல்லையென்று எவரேனும் சாதித்தால், அவரோடு நான் சாப்பாட்டு விஷயத்தில் வாதம் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி உஷ்ணம். தமிழில் 'வெம்பல்' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. முதிராமலே சூட்டினால் பழுத்ததுபோல் தோற்றங்காட்டி, உள்ளே சுவையில்லாமற் போன காயை அந்த ஒரு சொல் முழுவதுமாக வர்ணித்துவிடுகிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபின் இருபது டிகிரியைச் சற்றுத் தாண்டிய இதமான சூட்டில்தான் நன்றாகச் சேரும்; முப்பது, முப்பத்திரண்டு டிகிரிக்கு மேலே போய்விட்டால் அதன் உற்பத்தி தடைபடுகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் அப்போதும் சேர்ந்துகொண்டே இருப்பதால், பழம் சிவக்காமல் வெளிறிய ஆரஞ்சாக நின்றுவிடுகிறது. கோடை தகிக்கும் சித்திரையில் 38 டிகிரி வெயிலை நேரே தோளில் வாங்கிய தக்காளியின் காம்படியில் மஞ்சள் பூத்திருப்பதும், வெயில் அறைந்த பக்கம் வெளுத்துக் காகிதம்போல் ஆவதும் இதனால்தான். ஆகவே வெயில் அதிகம் என்றால் குணமும் அதிகம் என்று ஒருவர் கணக்குப் போட்டால் அது தவறு. இலைக்கு வெயில் வேண்டும். காய்க்கு இலையின் நிழல் வேண்டும். காற்றோட்டத்துக்கென்று இலைகளைக் கண்டபடி கழித்துவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேரட்டின் கதை இன்னும் ருசிகரமானது. கோபி அந்நாளில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே வீடு கட்டிக்கொண்டு, ஐரோப்பியக் காய்கறிகளை அந்த மண்ணில் பயிரிட்டுப் பார்த்தார். 'இங்கிலீஷ் காய்' என்று நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பெயர் அந்த வழியில் வந்ததுதான். கேரட்டில் கரோட்டின் நன்றாகச் சேருவதற்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி வரையிலான குளிர்ச்சி வேண்டும். அதற்கு மேல் சூடேற ஏறக் கிழங்கு வெளுக்கும், குட்டையாகும், நார் ஏறும். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்கி வரும் ஊட்டிக் கேரட்டுக்கு நாம் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. ஏனென்றால் அந்த ஒரு காய்க்கு மட்டும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தாளவாடியிலிருந்து வரும் முட்டைக்கோசுக்கு அந்தப் பாக்கியமில்லை. சத்தியமங்கலத்தைத் தாண்டியதும் அது வெறும் கோசு.

பந்தற் காய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புடலை, பீர்க்கு, பாகல் முதலிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. நீண்ட பகலும் கடுஞ்சூடும் சேர்ந்தால் ஆண் பூக்கள் பெருகும், குளிர்ச்சியும் குறுகிய பகலும் வாய்த்தால் பெண் பூக்கள் பெருகும். "பந்தலெல்லாம் பூவுங்க, பிஞ்சு மட்டும் நிக்கலீங்க" என்று கோடையில் குடியானவர் அலுத்துக்கொள்வதன் உள்விவகாரம் பெரும்பாலும் இதுதான். உரக்கடைக்காரர் விற்கும் டானிக்கால் மார்கழியை வரவழைக்க முடியாது.

இப்போது என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகும் வழியிலும், உட்கிராமங்களிலும், சில வருஷங்களாகப் பச்சை வலை போர்த்திய கொட்டகைகள் பெருகி வருகின்றன. நிழல்வலைக் குடில் என்று சர்க்கார் காகிதங்களில் பெயர். கட்டுமானச் செலவில் பாதியைத் தோட்டக்கலைத் துறை மானியமாகக் கொடுக்கிறது. குழித்தட்டில் நாற்று வளர்ப்பதற்கு அதைப் போன்ற சாதனம் வேறில்லை, சித்திரை, வைகாசி வெயிலில் கொத்தமல்லியையும் பாலக்கையும் காப்பாற்றுவதற்கும் அது உதவும், தண்ணீரும் மிச்சமாகும். இவ்வளவையும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் வலையைச் சித்திரையில் கட்டிவிட்டு, அதைக் கழற்றாமலே கார்த்திகைக்கும் மார்கழிக்கும் விட்டுவைத்தால் என்ன நேர்கிறது? மேகம் ஏற்கெனவே பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது; மீந்ததில் பாதியை வலை எடுத்துக்கொள்கிறது; வலையில் படிந்த தூசி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அந்த அரையிருட்டில் நின்று, யூரியாவைக் குடித்து, நீளத் தண்டும் அகல இலையுமாகத் தளதளவென்று எழும் கீரையைத்தான் நாம் 'நல்ல கீரை' என்று பொறுக்கி எடுக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகிய மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனமோ, கரும்பையும் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் போல, கொளுத்தும் வெயிலை வேண்டி விரும்பி, அதைச் சிந்தாமல் பயன்படுத்திக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே வலைக்குள்ளே அரைக்கீரையைக் குடிவைப்பதும் கரும்பை நிழலில் நடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்றுவதற்கு இலைக்கு ஒளியின் சக்தி தேவை. ஒளி குறைந்தால் அந்த வேலை பின்தங்கி, நைட்ரேட் இலையிலும் தண்டிலும் தேங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தார் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லெட்டூஸ் கீரை கிலோ ஒன்றுக்கு, கோடையில் திறந்த வெளியில் விளைந்ததாயின் 3,000 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது. குளிர்காலத்தில் கூரைக்கடியில் விளைந்ததாயின் 5,000 மில்லிகிராம் வரை அனுமதி. ஏன் இந்தச் சலுகை? வெளிச்சம் குறைந்த காலத்தில், மூடிய இடத்தில், குடியானவன் எவ்வளவு கவனமாக உரமிட்டாலும் நைட்ரேட் கூடத்தான் செய்யும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். சூரியன் அருமையாய்க் கிடைக்கும் தேசத்தார் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட குறையை, சூரியன் தெருவில் இறைந்து கிடக்கும் தேசத்தில், மானியம் கொடுத்து நாமே வரவழைத்துக்கொள்வது எவ்வளவு விபரீதம்!

நிழலை நான் நிந்திப்பதாக எவரும் எண்ண வேண்டாம். நிழலின் சாஸ்திரம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. அந்தியூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் முதலில் அகத்தியை விதைத்து, அது நிமிர்ந்த பிறகே கொடியை நட்டு, கொடி ஏற ஏற அகத்தியின் கிளைகளைக் கழித்து, எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் உள்ளே விழலாம் என்பதை அரிவாளாலேயே அளந்து கொடுத்தார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் ஆயிற்று, அகத்திக்கீரையாய் வீட்டுக்கும் ஆயிற்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும் இலேசான நிழலைப் பொறுக்கும் பயிர்தான். மஞ்சள் காட்டில் ஆங்காங்கே ஆமணக்கும் அகத்தியும் நிற்பதைப் பார்த்து, களையெடுக்கச் சோம்பிவிட்டார்கள் என்று நினைத்த பட்டணத்து நண்பர் ஒருவரை நான் அறிவேன். அந்த நிழலுக்கும் இந்த வலைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே: அகத்தி மாதத்துக்கு மாதம் மனிதனின் கைக்குக் கட்டுப்பட்டது, குழாயில் இறுக்கிக் கட்டிய வலையோ, கட்டிய நாளில் எப்படியோ அப்படியே கிழிகிற வரைக்கும் நிற்கிறது.

ஆகையால் தோட்டக்கலைத் துறையாருக்கு என் விண்ணப்பம் இது. மானியம் கொடுக்கிற ஒவ்வொரு குடிலிலும் மேல்வலை கயிறிழுத்தால் சுருண்டு விரியக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள். அதற்கு ஆகும் அதிகச் செலவு, மொத்தத்தில் பெரிதல்ல. எந்தப் பயிருக்கு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வலை தேவை என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். கோபியிலேயே வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, பவானிசாகரில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரே கீரையை வலைக்குள்ளும் வெளியிலும் விதைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குடியானவர்களைக் கூப்பிட்டு மென்று பார்க்கச் சொன்னால் போதும், சொற்பொழிவு வேண்டியதில்லை. உழவர் சந்தைகள் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய காலத்திலிருந்து, வாசற் பலகையில் அன்றாட விலையை எழுதி வைக்கும் நல்ல வழக்கம் இருந்து வருகிறது. அந்தப் பலகையில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்து, காய் விளைந்த ஊரையும், அது இந்தப் பருவத்துக்கு உரியதா அல்லவா என்பதையும் எழுதினால், சுண்ணாம்புக்கட்டிச் செலவுக்கு மேல் என்ன ஆகிவிடப் போகிறது?

குடியானவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது தர்மமாகாது. பருவத்தில் எல்லோருக்கும் காய்க்கிறது, ஆகவே விலை விழுகிறது. தை மாதத்தில் அவரைக்காயைக் கூறு கட்டி விற்றாலும் பறிகூலி தேறாத நாட்கள் உண்டு. பருவம் தப்பிய காய்க்குத்தான் காசு. முருங்கை மரம் மழை மாதங்களில் பூவை உதிர்த்துவிட்டு நிற்கும்போது, எங்கோ ஒரு மரத்தில் தப்பித் தவறிக் காய்த்த காய் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கார்த்திகை முகூர்த்தத்தில் சாம்பார் வைத்தவர்கள் அறிவார்கள். எந்தக் காயும் எந்த மாதமும் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். கேட்டதைத் தருகிற குடியானவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

எனக்குத் தெரிந்த குடியானவர் ஒருவர், தம் பத்துச் சென்ட் குடிலின் மேல்வலையைக் கயிற்றிலும் கப்பியிலும் தாமே பொருத்திக்கொண்டு, ஐப்பசி பிறந்ததும் சுருட்டி வைத்துவிட்டு, அரைக்கீரைக்கு முழு வானத்தையும் திறந்து விடுகிறார். பகல் முழுதும் வெயில் குடித்து இலை சர்க்கரை கட்டியிருக்கும் சாயங்காலத்திலேயே அறுத்து, ஈரச் சாக்குப் போர்த்தி வைத்து, விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுவருகிறார். அவருடைய கட்டில் இலை சிறிது, நிறம் கரும்பச்சை, தண்டு குட்டை. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் அவர் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வந்த அம்மாள் ஒருவர் அந்தக் கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இத்தனூண்டு இருக்குது?" என்று கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் முழ நீளம் வளர்ந்திருந்த வெளிர்பச்சைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.